என் முன்னால் வைத்த கிளாஸ்

நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை. இந்த வசனத்தை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லுகிற ஆட்களைக் கண்டால் இன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கலியாண வீடுகளில் சிலர் வந்து, "அண்ணை, இந்த நாட்டிலை இவ்வளவு காலம் இருந்தும் நீங்கள் அதைத் தொடேல்லையாம். கெட்டிக்காரன்தான்" என்று தோளில் தட்டுவார்கள். கெட்டிக்காரனாம்! எழுபதுகளின் நடுப்பகுதியில், சிட்னியில், இரண்டு வருடம் அந்தக் கெட்டித்தனத்தை நான் எப்படிச் செய்தேன் என்று தெரிந்தால் தட்டிய கையை உடனே எடுத்துவிடுவார்கள். என் பக்கத்து மேசைக்காரரின் உயிர் அதில் கிடந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

நானும் மனைவியும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிட்னியின் புறநகரான லிட்கமில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். வேலை நகரத்தில், பாலங்களுக்குப் படம் வரைகிற ஒரு கந்தோரில். முதல் ஆறு மாதம் என்னைப் பார்ப்பார்களாம், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுவார்களாம். பிடிப்பது என்றால் என்ன, பிடிக்காமல் போவது என்றால் என்ன என்று எனக்கு ஒரு கோதாரியும் விளங்கவில்லை. கந்தோரின் பெரியவரை எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவர் மேசையின்மேல் காலைப் போட்டுக்கொண்டு பேசுகிறார். முதல் இரண்டு வாரமும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தேன்.

மனைவியின் தகப்பன் சாராயத்தில் போனவர். எங்கள் கலியாணம் பேசி வந்தபோது சீதனம், சாதகம், நகை என்று பெரியவர்கள் மல்லுக்கட்ட, அவள் என்னிடம் நேரே கேட்டது ஒன்றே ஒன்றுதான். "குடிக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ." நல்லூர்க் கோயில் வாசலில் வைத்துச் சொன்னேன். சொன்னதைக் காப்பாற்றினேன். அதில் எனக்கு ஒரு பெருமை, சொல்லப்போனால் ஒரு தலைக்கனம், இருந்தது.

எனக்கு முன்னமே சிட்னிக்கு வந்திருந்த ஒரு யாழ்ப்பாணத்து டொக்டர் எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, இந்த நாட்டில் பிழைக்கிற வழியைச் சொல்லித் தந்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமையிலை வேலை முடிய பப்புக்குக் கூப்பிடுவாங்கள். போகாமல் விட்டிடாதையும். போனால் வேண்டாம் எண்டும் சொல்லிப்போடாதையும். வாங்கி முன்னாலை வையும். குடிச்சீரோ இல்லையோ எண்டு ஒருத்தரும் பாக்கமாட்டாங்கள். வேண்டாம் எண்டு சொன்னால்தான் பாப்பாங்கள்."

நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்கு அது புதிதுமல்ல. ஒரு வீட்டுக்குப் போய் அவர்கள் தருகிற தேத்தண்ணியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தால் அடுத்த தலைமுறை வரைக்கும் அந்தக் கதை ஓடும். பிடிக்காவிட்டாலும் வாங்கி, உதட்டில் வைத்து, ஓரமாக வைத்துவிட்டு வருவதுதான் எங்கள் மரியாதை.

அந்த முதல் வெள்ளிக்கிழமை வந்தது. கந்தோரில் எங்கள் பகுதியில் ஐந்து பேர். தலைமைப் பொறியியலாளர், இன்னும் இரண்டு பொறியியலாளர்கள், படவரைஞர் ஒருவர், கடைசியில் நான். அந்தப் படவரைஞர்தான் என் பக்கத்து மேசைக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பென்சிலை மெசினில் போடமாட்டார். பிளேட்டால் சீவி, நகத்தில் கோடு இழுத்துப் பார்ப்பார். அடியும் அங்குலமும் போய் மீற்றர் வந்த காலம் அது. என் முதல் கணக்கிலேயே ஓரிடத்தில் அடியை மீற்றராக எழுதிவிட்டேன். அதைக் கண்டுபிடித்தவர் அவர். பெரியவரிடம் போகாமல், சத்தம் போடாமல், தாளை என் பக்கம் திருப்பி விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, "இதை நான் காணேல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் எல்லாரும் பேசியது ஆங்கிலம்தான். அதை எங்கள் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். அப்போதுதான் எனக்கு அவர்களுடைய குரல் கேட்கிறது.

பப்பைக் கண்டு நான் திகைத்துப்போனேன். சுவர் முழுக்க வெள்ளை ஓடு. எங்களூரில் ஆஸ்பத்திரிச் சத்திரசிகிச்சை அறையில்தான் அப்படி இருக்கும். இரவில் தண்ணீர்க் குழாய் பிடித்துக் கழுவுவதற்கு வசதியாம்! வானொலியில் குதிரையோட்டம். நிற்க இடமில்லாத கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து தலைமைப் பொறியியலாளர், எங்கள் பெரியவர், இரண்டு கையிலும் ஐந்து கிளாசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வழி விடு வழி விடு என்று முழங்கையால் இடித்துக்கொண்டு வந்தார். வந்து ஒவ்வொருவர் முன்னாலும் தன் கையாலேயே வைத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொழும்பில் நான் வேலை செய்த கந்தோரில் பெரியவரின் அறைக்குள் போகமுன் சேட்டுப் பொத்தானைச் சரிபார்ப்போம். இங்கே அந்த ஆளே பரிமாறுகிறார். அவர் கையால் வைத்ததை எப்படி ஐயா வேண்டாம் என்று சொல்வது?

அவர்களுடைய முறையும் அப்போதுதான் விளங்கியது. ஐந்து பேர் என்றால் ஐந்து சுற்று. ஆளுக்கு ஒரு சுற்று எல்லாருக்கும் வாங்கவேண்டும். அதை ஷவுட் என்பார்கள். அவரவர் முறை முடியும்வரை நழுவ முடியாது. அதாவது, வெள்ளிக்கிழமைக்கு ஐந்து பியர் என் முன்னால் வரும்.

பெரியவர் கடைசிக் கிளாசைப் படவரைஞர் முன்னால் வைத்தார். அதில் இருந்தது வெறும் இஞ்சிச் சோடா. "இது உன்ரை ஜிஞ்சர் எயில். பியர்க் கிளாசிலைதான் ஊத்தச் சொன்னனான், பாக்கிறவனுக்குத் தெரியாது." பிறகு என் பக்கம் திரும்பி, அந்த மனிதர் அங்கேயே நிற்கத்தக்கதாக, உரத்துச் சொன்னார். "இவனுக்கு ஈரல் பழுது. இனியும் குடிச்சால் பெட்டிதான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அதாலை நாங்கள் எல்லாரும் காவல். இவனுக்கு ஒருத்தரும் பியர் வாங்கிக் குடுக்கக்கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம், விளங்கிச்சு" என்றேன்.

ஒரு மனிதனின் உடம்பு வருத்தத்தை அவன் முகத்துக்கு நேரே, இவ்வளவு சனத்துக்கு நடுவில் சொல்கிறார்களே என்ற அதிர்ச்சியில், சொன்ன விஷயம் என் மண்டைக்குள் இறங்கவில்லை. இறங்கவில்லை என்பதும் பொய். இறங்கியது. அதற்குமேல் என் சொந்தப் பிரச்சினையை ஏற்றி வைத்தேன்.

மற்ற மூவரும் குதிரையோட்டத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் கிளாசைத் தூக்கி உதட்டில் வைத்து இறக்கினேன். மறுபடியும் தூக்கினேன், இறக்கினேன். நுரை செத்துப்போனது; பியர் மட்டம் மாத்திரம் அசையவில்லை. பக்கத்தில் நின்ற படவரைஞர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் காதோடு கேட்டார்.

"உனக்கு உது வேண்டாம், என்ன?"

ஓம் என்று தலையை அசைத்தேன். அவர் தன் கிளாசை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். என் கிளாசைத் தன் பக்கம் இழுத்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்தேன். ஜிஞ்சர் எயிலை ஒரே இழுவையில் குடித்தேன். அவ்வளவு தாகம் எனக்கு.

ஒரு கிளாஸ்தானே, ஒருநாள்தானே என்று மனதுக்குச் சொன்னேன். இரண்டாவது சுற்று வந்தது. நுரை அடங்கும்வரை இருவரும் பொறுத்திருந்தோம். அவர் விரல் வந்தது. மூன்றாவது. நாலாவது. ஐந்தாவது சுற்று என்னுடைய முறை. நான் போய் நாலு பியரும் ஒரு ஜிஞ்சர் எயிலும் கேட்டு, பெரியவரைப் போலவே முழங்கையால் இடித்துக்கொண்டு வந்து வைத்தேன். எனக்கென்று நான் வாங்கிய பியரும் அவரிடம்தான் போனது.

அன்று வீட்டுக்குப் போய் மனைவிக்கு முன்னால் வாயைத் திறந்து ஊதிக் காட்டினேன். "பாரும், மணக்குதோ?"

"இல்லை" என்று சிரித்தாள். "எப்பிடித் தப்பினியள்?"

"அதெல்லாம் ஒரு வித்தை."

பனைமரத்துக்குக் கீழே இருந்து பால் குடித்தாலும் கள்ளென்றுதான் சொல்வார்கள் என்பார்கள் எங்கள் ஆட்கள். நானோ, பால் குடித்துக்கொண்டு, என்னைக் கள்ளுக் குடியன் என்று நாலு பேர் நம்பவேண்டும் என்பதற்காகப் பாடுபட்டேன். நம்பவும் நம்பினார்கள். ஐந்து கிளாஸ் உள்ளே போயும் கால் தடுமாறாத மனிதன் என்று பெரியவர் மற்றப் பகுதிக்காரர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினார். "சிலோன்காரன். தண்ணியை வாத்தால் மணலுக்குள்ளை போறமாதிரிப் போகும்." ஆறு மாதம் முடிந்ததும் வேலை நிரந்தரமானது. கடிதத்தைக் கையில் தந்தபோது, "நீ எங்களிலை ஒருத்தன்" என்றார். எனக்குப் புளகாங்கிதம்.

படவரைஞரையும் எல்லாரும் மெச்சினார்கள். முப்பது வருடப் பழக்கத்தை ஒரே நாளில் விட்ட மனிதனாம். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஜிஞ்சர் எயிலைப் பார்ப்பார். பிறகு விரல் வரும். முப்பது வருடம் குடித்த உடம்புக்கு ஐந்து பியர் வெளியே காட்டாது. றெயில் ஏற முன் பெப்பர்மின்ட் ஒன்றை வாயில் போடுவார். எனக்கும் ஒன்று நீட்டுவார். நானும் வாங்கிச் சூப்பினேன், மடையன்.

ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன். இதில் யாருக்கு என்ன நட்டம்? வெள்ளிக்கிழமை தவிர அவர் குடிப்பதில்லை. வீட்டில் போத்தல் இல்லை. அவருடைய மனைவி ஒரு சுற்றுக்குரிய காசைத்தான் எண்ணிக் கொடுப்பார். இவ்வளவும் அவரே சொன்னது. அப்படியென்றால் அந்த மனிதனின் தொண்டைக்குள் போன ஒவ்வொரு சொட்டும் என் முன்னால் வைத்த கிளாசிலிருந்துதான் போனது. இந்தக் கணக்கைப் போட ஒரு பொறியியலாளனுக்கு இரண்டு வருடம் பிடித்தது!

கண் தெரியாமல் இல்லை. இரண்டாவது வருடம் அவர் முகம் மண்நிறமாகிவிட்டது. பெல்ட்டைத் தளர்த்தப் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். கை கால் மெலிய, வயிறு மாத்திரம் முன்னே வந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் தலை வைத்துக் கண்ணயர்வார். ஒரு வெள்ளிக்கிழமை, அவர் விரல் வந்தபோது நான் என் கிளாசின்மேல் கையை வைத்து மூடினேன்.

"இண்டைக்கு வேண்டாமே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அதட்டல் இல்லை, கோபம் இல்லை. கெஞ்சல். எனக்குத் தகப்பன் வயதுக்காரர், என் பிழையை மறைத்து என் வேலையைக் காப்பாற்றியவர், என்னைப் பார்த்துக் கெஞ்சுகிறார். அந்தப் பக்கம் பெரியவர் தலையைத் திருப்பப் பார்க்கிறார். நான் கையை எடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மத்தியான நேரம். நான் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கதவில் தட்டும் சத்தம் கேட்டது. படவரைஞரின் மனைவி. கந்தோரில் டிசம்பர் மாத நத்தார்த் தேநீர் விருந்தில் ஒருமுறை கண்டிருக்கிறேன். தொப்பி போட்டு, கையுறை போட்டு, கோயிலுக்குப் போகிறவர்போல வந்திருந்தார். நத்தாருக்கு நாங்கள் அனுப்பிய வாழ்த்து உறையில் விலாசம் பார்த்து வந்தாராம். உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினோம். மனைவி குசினிக்குள் போய் நல்ல கோப்பைகளை எடுத்தாள்.

அவர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு நேராகப் பேசினார்.

"உங்களோடை சண்டைக்கு வரேல்லை. ஒரு உதவி கேட்டு வந்தனான். டொக்டர் அவரின்ரை இரத்தத்தைச் சோதிச்சவர். இன்னும் குடிக்கிறார் எண்டு சொல்லுறார். இவர் இல்லையெண்டு சத்தியம் பண்ணுறார். பெரியவருக்கும் ரெலிபோன் எடுத்துக் கேட்டனான். இரண்டு வருஷமா ஜிஞ்சர் எயிலைத் தவிர வேறை ஒண்டும் இல்லை, கண்ணாலை கண்டது எண்டு அவரும் சொல்லுறார். நான் அவரை நம்பத்தான் விரும்புறன்."

நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனால் பெரியவர் இன்னொண்டும் சொன்னவர். பக்கத்திலை நிக்கிற நீங்கள்தானாம் அந்த மேசையிலை நல்லாத் தாங்கிக் குடிக்கிறது. வெள்ளிக்கு வெள்ளி அஞ்சு கிளாசாம், முகம் கூட மாறாதாம். அது உங்கடை விருப்பம், எனக்கு அதிலை ஒரு சொல்லும் இல்லை. ஆனால் என்ரை மனுசன் போலை ஒரு ஆளுக்குப் பக்கத்திலை நிண்டு அப்பிடிக் குடிச்சால் அவருக்கு எப்பிடி இருக்கும்? தயவுசெய்து, மேசையின்ரை மற்றப் பக்கம் போய் நில்லுங்கோ. அவ்வளவும்தான் கேக்க வந்தனான்."

மனைவி தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றாள். அவள் ஊரில் கொன்வென்ரில் ஆங்கிலம் படிப்பித்தவள். ஒரு சொல்லும் தப்பாமல் விளங்கியிருக்கும். தட்டை மேசையில் மெதுவாக, மிக மெதுவாக வைத்தாள். என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"அஞ்சோ?"

"இல்லையப்பா..."

"வெள்ளிக்கு வெள்ளி அஞ்சோ? இஞ்சாருங்கோ, வந்து வந்து வாயை ஊதிக் காட்டினியளே, அதுவும் நடிப்போ?"

அவள் முகத்தை நான் அதற்கு முன் அப்படிக் கண்டதில்லை. தகப்பனைப் பற்றிப் பேசும்போதுகூட இல்லை. என் மானம் போகிறது, என் சத்தியம் போகிறது, செய்யாத குற்றத்துக்கு என் வீட்டுக்குள்ளேயே என்னைத் தூக்கில் போடுகிறார்கள் என்று மட்டும்தான் பட்டது. துள்ளி எழும்பினேன். இருவருக்கும் கேட்கவேண்டுமென்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

"கடவுளாணை நான் ஒரு சொட்டும் குடிக்கேல்லை! ஒருநாளும் இல்லை! வாங்கி முன்னாலை வைப்பாங்கள், நான் தொடமாட்டன்!"

சொல்லி முடித்ததும் எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூசுகிறது. என் பெயர் சுத்தமாகிவிட்டது என்ற ஆறுதல்.

மனைவி என்னையே பார்த்தாள். பிறகு அவளும் ஆங்கிலத்துக்கு மாறினாள், வகுப்பில் கேள்வி கேட்கிற குரலில்.

"அப்ப அந்த அஞ்சையும் ஆர் குடிச்சது?"

ஐயோ. திரும்பிப் பார்க்கப் பயந்தேன். பார்த்தேன். அந்த அம்மாவின் கண் என் முகத்திலிருந்து மேசைக்குப் போனது. மேசையில் பக்கம் பக்கமாக இரண்டு கோப்பைகள் இருந்தன. எவ்வளவு நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு சொல்லும் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது.

"முதல் நாளிலை இருந்தோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"உங்களுக்குத் தெரியுமோ, அவருக்கு ஈரல் எண்டு?"

"தெரியும்."

அவர் அழவில்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கோப்பையை எடுத்து, மனைவி ஊற்றிய தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். நன்றி சொன்னார். கையுறையைப் போட்டுக்கொண்டு எழும்பினார். வாசலில் நின்று, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"அவர் எனக்குப் பொய் சொல்லேல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் கேப்பன். 'எனக்கு ஒருத்தரும் பியர் வாங்கித் தரேல்லை' எண்டுதான் சொல்லுவார். அது உண்மைதானே."

அவர் போன பிறகு மனைவி கோப்பைகளைக் கழுவினாள். நான் குசினி வாசலில் நின்றேன். விளக்கம் சொன்னேன். யாழ்ப்பாணத்து டொக்டர் சொன்ன புத்தியைச் சொன்னேன், ஆறு மாதத் தவணையைச் சொன்னேன், பெரியவர் கையால் கொண்டுவந்து வைத்ததைச் சொன்னேன். அவள் திரும்பவேயில்லை.

திங்கட்கிழமை பக்கத்து மேசை வெறுமையாக இருந்தது. சீவிய பென்சில்கள் வரிசையாகக் கிடந்தன. ஆஸ்பத்திரியில் என்றார் பெரியவர். "பாவம், ஒழுங்கா விட்டவன். விட்டும் வருத்தம் விடேல்லை, பாத்தியோ" என்று தலையை ஆட்டினார். நான் என் கணக்குத்தாளுக்குள் தலையைப் புதைத்தேன்.

புதன்கிழமை வேலைக்கு அரைநாள் லீவு போட்டுப் போய்ப் பார்த்தேன். கண்வெள்ளை மஞ்சளாகியிருந்தது. தோளெலும்பு பைஜாமாவுக்குள் துருத்தியது. என்னைக் கண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைக் கொன்றது.

"சொல்லிப்போட்டாய்" என்றார்.

"ஓம்."

"நல்லது. எனக்கு அந்தத் துணிவு வரேல்லை."

"என்னை மன்னியுங்கோ."

"என்னத்துக்கு? நீ எனக்கு ஊத்தித் தரேல்லை. நான்தான் எடுத்தனான்."

எனக்குக் கோபம் வந்தது. அவரில் இல்லை, என்னில். இப்படிப் படுத்துக்கிடந்துகொண்டும் என் பிழையை மறுபடி மறைக்கிறாரே என்று வந்த கோபம். "நான் எடுக்க விட்டனான். என்ரை முறை வரேக்கை நானே வாங்கியும் வந்தனான்" என்றேன். அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"ஒண்டு கேக்கட்டோ? நீ ஏன் முதல்நாளே வேண்டாம் எண்டு சொல்லேல்லை?"

"பயம்."

"ஆருக்கு?"

"உங்கள் எல்லாருக்கும்."

அவர் கண்ணைப் பெரிதாக்கி என்னைப் பார்த்தார். "எங்களுக்கோ?" என்று கேட்டுவிட்டு, சிரிக்கப்போய் இருமினார். தாதி வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை பப்புக்குப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அங்கே ஒன்றைச் சொல்லவேண்டியிருந்தது. நாலுபேர்தான் நின்றோம். பெரியவர் முதல் சுற்றுக்குக் கிளம்ப, நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எனக்குப் பியர் வேண்டாம். நான் குடிக்கிறேல்லை. ஒருநாளும் குடிச்சதில்லை. ஜிஞ்சர் எயில் மட்டும்."

"ஓ" என்றார் பெரியவர். "ஐஸ் போடவோ?"

"என்ன?"

"ஐஸ். போடச் சொல்லவோ, வேண்டாமோ?"

"வேண்டாம்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு முழங்கையால் இடித்துக்கொண்டு போனார். மற்ற இருவரும் குதிரையோட்டத்தை விட்டுத் தலையைத் திருப்பவேயில்லை. ஜிஞ்சர் எயில் வந்தது. முன்னால் வைத்தார். இவ்வளவு நாளும் எங்கே போனது அந்தப் பியரெல்லாம் என்று அவர் கேட்கக்கூட இல்லை. கேட்டால் சொல்லவேண்டுமென்று வரிசையாக அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். கேட்காதபோதும் சொன்னேன். பெரியவர் கிளாசை மேசையில் வைத்தார். முகம் வெளுத்துவிட்டது. அன்று இரண்டாவது சுற்றை ஒருவரும் வாங்கவில்லை.

படவரைஞர் கந்தோருக்குத் திரும்பி வரவில்லை. என் மனைவி கஞ்சி காய்ச்சிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு றெயிலில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். அந்த அம்மாவோடு சேர்ந்து கட்டிலருகில் இருப்பாளாம். என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. சாப்பாடு போட்டாயிற்று, விறாந்தைக் கதவைப் பூட்டுங்கோ, அவ்வளவுதான். குளிர்காலம் முடிய முன் படவரைஞர் போய்விட்டார்.

லிட்கமில் எங்கள் வீட்டிலிருந்து றூக்வூட் சேமக்காலைக்கு நடந்து போகலாம். அங்கேதான் அடக்கம். கந்தோர் முழுக்க வந்திருந்தது. அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கும் கை தந்தார். பிறகு எல்லாரும் வழக்கப்படி பப்புக்குப் போனார்கள். நான் போகவில்லை. நானும் மனைவியும் மதில் ஓரமாக நடந்து வீட்டுக்கு வந்தோம். நல்ல வெயில். பாதி வழியில், பல கிழமைக்குப் பிறகு, அவளாகவே என்னிடம் ஒன்று கேட்டாள்.

"வேண்டாம் எண்டு சொன்னதுக்குப் பெரியவர் என்ன சொன்னவர்?"

"ஐஸ் போடவோ எண்டு கேட்டவர்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

வீடு வந்தது. வாசல் படலையில் கையை வைத்துக்கொண்டு, குடிக்கமாட்டன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிய என் மனைவி, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அதுக்கு நீங்களே குடிச்சிருக்கலாம்."